பிளாட்டிப்டெரிஜியஸும் இருதயராஜும்

மார்ச் 2, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. சிமெண்ட் கம்பெனி கொடுத்த விருந்தினர் அறையில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. குளியலறை வாளிக்குக் கைப்பிடி இல்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பக்கத்து அறையில் இருதயராஜ் டிவியை அலறவிட்டிருக்கிறார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சுவரைத் தட்டினேன். மறுபடி பலமாகத் தட்டினேன். குறைக்கவே இல்லை. திமிர்.

எட்டு வருடமாக அந்த ஆளிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. காரணம் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் ஆறுகிறது. காரை ஓடையில் ஒரு கடல் பிராணியின் முதுகெலும்புப் புதைபடிவங்களைக் கண்டெடுத்தது நாங்கள் இருவரும். கட்டுரையை அனுப்பும் முன் போன் போட்டு, "என் பேரு ரெண்டாவதா வரணும், பாத்துக்குங்க" என்று தெளிவாகச் சொன்னேன். "சரி சரி" என்றார். கட்டுரை வந்தது. என் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பின் கீழ், சமையல்காரருக்கும் ஜீப் ஓட்டுநருக்கும் நடுவில் இருந்தது.

இப்போது சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேல்களிமண்ணை வாரும்போது ஒரு மண்டையோடு தெரிந்திருக்கிறது. துறைத்தலைவர் எங்கள் இருவரையும் சேர்த்து அனுப்பிவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் போனாத்தான் நடக்கும், மங்கை" என்று குழைந்தார். எனக்கு மங்கையர்க்கரசி என்று முழுப்பெயர் இருக்கிறது. காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் எல்லோரும் அதைச் சுருக்குகிறார்கள்.

மார்ச் 3, செவ்வாய்

பார்த்துவிட்டேன். ஐயோ, என்ன அழகு!

பிளாட்டிப்டெரிஜியஸ். சந்தேகமே இல்லை. மீனும் இல்லை, முதலையும் இல்லை. பத்துக் கோடி வருடத்துக்கு முன் இந்த ஊர் கடலாக இருந்தபோது இங்கே நீந்திய ஊர்வன இனம். நீண்ட மூஞ்சி, அதில் நெருக்கமாகப் பல், அதற்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கண்குழி. கழுத்தும் முதுகெலும்பும் இன்னும் களிமண்ணுக்குள் போகின்றன. இந்த நாட்டில் இவ்வளவு முழுசாக ஒரு மண்டையோடு கிடைத்ததாக எனக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் மண்டையோடு கிடக்கும் சுரங்கப் படியையே வெடி வைத்துத் தகர்க்கப்போகிறார்கள். அதற்குள் எடுத்தால் உண்டு, இல்லையென்றால் எங்கள் பிளாட்டிப்டெரிஜியஸ் சிமெண்ட் மூட்டையில் போய்விடும். தலைப்பக்கம் எனக்கு, கழுத்துக்குக் கீழே அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதை இப்போதே பேசிவிடலாம் என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். குனிந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

கல் அரைக்கும் ஆலை பக்கத்திலேயே இருப்பதால் எல்லோரும் மாஸ்க் போட்டாகவேண்டும். பாதுகாப்பு அதிகாரி கலியமூர்த்தி மாஸ்க்குக்குள்ளிருந்தே விதிகளைச் சொன்னார். தினமும் மதியம் பக்கத்துப் படியில் வெடி போடுவார்கள். முதல் சங்கு ஊதினால் வேலையை நிறுத்தவேண்டும். அடுத்த சங்குக்குள் வெளியே போய்விடவேண்டும், மூன்றாவது சங்குக்கு வெடி. காலையில் உள்ளே போகும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன் தருவார்கள், வெளியே வந்ததும் அதைக் கேட்டில் இருக்கும் பலகையில் மாட்டவேண்டும். இருதயராஜ் எல்லாவற்றுக்கும் பவ்யமாகத் தலையாட்டினார். மாணவனாக இருந்திருந்தால் முதல் மார்க் போட்டிருப்பேன்.

மார்ச் 4, புதன்

தலையாட்டிய லட்சணம் தெரிந்துவிட்டது. நேற்று வெளியே வந்தவர் டோக்கனை மாட்டவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார். காலையில் கலியமூர்த்தி என்னைத்தான் பிடித்தார்.

"மேடம், பலகையில டோக்கன் இல்லன்னா ஆளு உள்ள இருக்காருன்னு அர்த்தம். ஆளு உள்ள இருந்தா நான் வெடி போட மாட்டேன். நேத்து உங்க சாரத் தேடியே எங்க பொழுது போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னேன் மேடம். சரி சரின்னாரு."

அதே சரி சரி! நான் போய், "டோக்கனக் கொடுங்க" என்று கையை நீட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேடம், மாஸ்க்கக் கழட்டிட்டுப் பேசுங்களேன்" என்றார். என்ன தைரியம்! ஐம்பது வயதில் என் மூஞ்சியைப் பார்த்து இவருக்கு என்ன ஆகப்போகிறது? கழட்டவில்லை. இனிமேலும் கழட்டமாட்டேன். இரண்டு டோக்கனையும் இனி நானே வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன், வெளியே போகும்போது நானே மாட்டிவிடுகிறேன் என்று கலியமூர்த்தியிடம் சொல்லிவிட்டேன். குழந்தைக்கு ஷூ கட்டிவிடுகிற மாதிரி இது ஒரு வேலை.

மார்ச் 5, வியாழன்

வெயில். களிமண். இரவெல்லாம் டிவி. எழுத வேறு ஒன்றுமில்லை.

மார்ச் 9, திங்கள்

இன்று அந்த ஆள் செய்த காரியத்துக்கு நான் அடிக்காமல் விட்டதே பெரிது.

எலும்பைப் பெயர்த்து எடுப்பதற்கு முன் அதன்மேல் ஈரக் காகிதத்தை ஒட்டிவிட்டு, பிளாஸ்டரில் முக்கிய சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டுப் போடவேண்டும். கை முறிந்தால் மாவுக்கட்டு போடுகிற மாதிரிதான். காகிதம் இல்லாவிட்டால் பிளாஸ்டர் எலும்பையே கவ்விக்கொள்ளும். தாடைப் பல்லை இன்னொரு முறை பார்க்கலாம் என்று ஒரு கை அகலத்துக்குக் காகிதத்தை நான்தான் உரித்து வைத்திருந்தேன். லென்ஸ் எடுக்க ஜீப்புக்குப் போய்த் திரும்பினால், அவர் சாக்கோடு குனிந்திருக்கிறார்.

"நிறுத்துங்க! காகிதம் இல்ல!" என்று பின்னாலிருந்து கத்தினேன். ஜீப் ஓட்டுநர் செல்லக்கண்ணு அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்த்தார். இவர் திரும்பவில்லை. சாவதானமாகச் சாக்கை வைத்து நீவினார். நான் ஓடிப் போய்ப் பிடுங்கியபோது மூன்று பல் பிளாஸ்டரோடு வந்துவிட்டது.

"கத்தினேனே, காது கேக்கலியா உமக்கு?" என்றேன். முகம் வெளிறிவிட்டது. "ஸாரி மேடம், ஏதோ யோசனைல இருந்துட்டேன்" என்றார். குற்றவுணர்ச்சி என்றுகூட நினைக்கமுடியவில்லை, ஏதோ திருடி அகப்பட்டவன் மாதிரி முழித்தார். வேண்டுமென்றேதான் செய்தார். தலை என் பங்கு இல்லையா, அது கெட்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

இனி அந்த ஆளோடு நேரடிப் பேச்சு கிடையாது. எதுவானாலும் செல்லக்கண்ணு மூலம்.

மார்ச் 10, செவ்வாய்

"மேடம் சுத்தியல் கேக்குறாங்க." "சார் பிரஷ் கேக்குறாரு." செல்லக்கண்ணு மதியத்துக்குள் களைத்துவிட்டார். "எனக்கு டிரைவர் சம்பளம்தாம்மா குடுக்குறாங்க" என்றார்.

ஒன்று கவனித்தேன். நான் எழுந்தால் இருதயராஜும் எழுகிறார். சங்கு ஊதினாலும் உடனே கிளம்புவதில்லை, நிமிர்ந்து என் குடையைப் பார்க்கிறார். பெரிய கறுப்புக் குடை, மண்ணில் நட்டு அதன் நிழலில் உட்காருகிறேன். நான் குடையைப் பிடுங்கினால்தான் தன் பையை எடுக்கிறார். அவர் போனபிறகு நான் தனியாக எதையாவது எடுத்துவிடுவேனோ என்று உளவு! சீ, என்ன மனுஷன்.

மார்ச் 12, வியாழன்

மண்டையோட்டின் பின்பக்கத்தில் காதெலும்பு கிடைத்தது. ஸ்டேப்ஸ். இருப்பிடம் மாறாமல் அப்படியே இருக்கிறது. சந்தோஷத்தில் செல்லக்கண்ணுவுக்கு என் பங்கு வடையைக் கொடுத்துவிட்டேன்.

நம் காதில் அது அரிசி மணி அளவுதான். சத்தம் வந்தால் அதிரும், அதனால் கேட்கிறோம். இதற்கோ என் கட்டைவிரலைவிடத் தடி. இத்தனை கனமான எலும்பு எங்கே அதிரும்? இந்த வகைக் கடல் ஊர்வனவற்றுக்குக் காது மந்தம் என்று சிலர் வாதாடுகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான். கண்குழி அவ்வளவு பெரிதாக இருப்பது சும்மாவா? கேட்காததை எல்லாம் கண்ணால் சமாளித்திருக்கும். இதையே என் கட்டுரையின் மையமாக வைப்பேன். முதல் பெயர் என்னுடையது, அதில் பேச்சே இல்லை.

இருதயராஜும் வந்து பார்த்தார். வாய் ஓயாமல் செல்லக்கண்ணுவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். எலும்பைப் பார்க்காமல் என் முகத்தையே வெறித்துக்கொண்டு நின்றார். மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். "என்ன சொல்றாங்க?" என்று செல்லக்கண்ணுவைக் கேட்டார். அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு, "இதுக்குக் காது கேக்காதாம் சார்" என்றார். இருதயராஜ் தன் பக்கத்துக்குப் போய்விட்டார். பொறாமை.

மார்ச் 16, திங்கள்

தலைக்குக் கட்டுப் போட்டாயிற்று, ஆனால் கழுத்தோடு சேர்ந்தே பாறைக்கட்டியாக வரவேண்டும், தனியாக வராது. அவர் கட்டிக்குக் கீழே குடைந்து போய்க்கொண்டிருக்கிறார். மல்லாந்து படுத்து உளியால் சுரண்டுகிற வேலை, வெளியே கால் மட்டும்தான் தெரிகிறது. மெதுவாகச் செய்கிறார் என்று திட்டலாம், ஆனால் சுத்தமாகச் செய்கிறார். இதை யாரிடமும் சொல்லமாட்டேன்.

மார்ச் 18, புதன்

காலையிலேயே சண்டை. கட்டியைப் புரட்டக் கிரேனை வெள்ளிக்கிழமை வரச்சொல்லிவிட்டதாகச் செல்லக்கண்ணு மூலம் சொல்லியனுப்பினேன். "சனிக்கிழமைக்கு முன்னாடி ஆவாது" என்று பதில் வந்தது. அவர் வேலையை அவரே முடிவுசெய்வாராம். மதியம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சங்குக்கு முன்பே கிளம்பிவிட்டேன், மேட்டைச் சுற்றிக்கொண்டு பின்வழியாக. பூசிய பிளாஸ்டர் வெயிலில் வெடிக்கக்கூடாது என்று குடையை அப்படியே நட்டுவிட்டு வந்தேன். கேட்டில் வழக்கமான வேலையை முடித்துவிட்டு, பாதுகாப்புக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன்.

சங்கு ஊதியது. சுரங்க ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கலியமூர்த்தி பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாரும் வெளிய வந்தாச்சு" என்றார். அடுத்த சங்கும் ஊதியது. செல்லக்கண்ணு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார் எங்கம்மா?"

"வண்டில இருப்பாரு."

"வண்டியப் பூட்டிட்டு நான்தானம்மா வரேன். வண்டில யாரும் இல்லியே."

தூரத்தில் என் குடை தெரிந்தது.

நான் ஓடினேன். முட்டிவலியோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இருக்காரு, உள்ள இருக்காரு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பின்னால் கலியமூர்த்தி என்னென்னவோ கத்தினார், பிறகு சிவப்புக்கொடியை ஆட்டி வெடியை நிறுத்தினார் என்று பின்னால்தான் தெரிந்தது. ஓடும்போது எனக்கு அது தெரியாது.

கட்டிக்குக் கீழே இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மாதா பாட்டு ஒன்றை அபஸ்வரமாக, உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். மூன்றாவது சங்கு எந்த நொடியும் ஊதலாம், இந்த ஆள் பாடுகிறார்! "இருதயராஜ்!" என்று கத்தினேன். பாட்டு நிற்கவில்லை. காலுக்குப் பக்கத்திலேயே குனிந்து, தொண்டை கிழியக் கத்தினேன். நிற்கவில்லை.

அப்போதுதான் தெரிந்தது. கடவுளே, அப்போதுதான் தெரிந்தது.

காலைப் பிடித்து இழுத்தேன். பதறி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், நட்டிருந்த குடையைப் பார்த்தார். "என்ன மேடம், குடை இங்கதான இருக்கு?" என்றார்.

கையைப் பிடித்துக் கொட்டகைக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். நான் தெரிந்துகொண்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் டோக்கன் எப்படிப் பலகைக்கு வந்தது என்று கலியமூர்த்தி கேட்டார். தெரியாது என்றேன்.

மார்ச் 19, வியாழன்

இன்று வேலை இல்லை. நாளை விசாரணை. இரண்டு சேலை துவைத்தேன். கைப்பையைக் கொட்டி ஒழுங்குபடுத்தினேன்.

சாயங்காலம் கலியமூர்த்தி வந்தார். "மேடம், தப்பு சார் மேலன்னா அவர மட்டும் வெளிய அனுப்பிருவாங்க. நீங்க தொடர்ந்து பாக்கலாம். அவரே டோக்கன மாட்டிட்டு மறுபடி உள்ள போயிருக்கலாம், நடக்குறதுதான்" என்றார். நான் இரண்டு டோக்கனையும் வாங்கிப் போவதை அனுமதித்தவர் அவர்தான், அதனால் அவருக்கும் பயம். அவர் பேச்சில் அது நன்றாகவே தெரிந்தது.

மண்டையோடு எனக்கு. கட்டுரை எனக்கு. முதல் பெயர் என்ன, ஒரே பெயர். நான் எதுவும் செய்யவேண்டாம், சும்மா இருந்தாலே போதும். எட்டு வருடத்துக்கு முன் அவரும் சும்மாதானே இருந்தார்?

பக்கத்து அறையில் டிவி அலறுகிறது. சுவரைத் தட்டவில்லை.

மார்ச் 20, வெள்ளி

சம்பவ இடத்திலேயே விசாரணை. ஆலை ஓடிக்கொண்டிருந்தது, எல்லோரும் மாஸ்க். சுரங்க மேலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இருதயராஜ் முன்னால் நின்றார்.

"டோக்கன நீங்களே மாட்டியிருக்கீங்க. அப்பறம் எதையோ மறந்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம உள்ள போயிருக்கீங்க. அப்படித்தான சார்?"

இருதயராஜ் அந்த மாஸ்க்கைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு பவ்யமாகத் தலையாட்டினார். "சரி சரி" என்றார்.

கலியமூர்த்தி மூச்சுவிட்டார். மேலாளர் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார். தன்னைத் தூக்கில் போடுகிறார்கள் என்று தெரியாமல், தலையாட்டிக்கொண்டு நிற்கிறான் மனுஷன்! எனக்கு வந்ததே ஆத்திரம், அது அவர்மேலா, என்மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"அவர் மாட்டல. நான்தான் மாட்டினேன்" என்றேன்.

மேலாளர் திரும்பினார். "அவரே ஒத்துக்கிட்டாரே மேடம்?"

"அவர் எதுக்கும் தலையாட்டுவாரு. தினமும் ரெண்டு டோக்கனயும் நான்தான் மாட்டுறேன். அன்னிக்கும் மாட்டினேன். அவர் வந்தாரா இல்லையான்னு திரும்பிக்கூடப் பாக்கல. கோவத்துல வந்துட்டேன்."

அவ்வளவுதான். இனி நான் சுரங்கத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. டோக்கனை என்னிடம் கொடுத்துவிட்ட கலியமூர்த்திக்கும் எழுத்தில் கண்டனம். இருதயராஜ் வேலையை முடிக்கலாம். என் பிளாட்டிப்டெரிஜியஸ், என் காதெலும்பு, எல்லாம் இனி அவர் கையில். நல்ல கூத்து.

திரும்பும்போது பின்னாலேயே வந்து, "என்ன கேட்டாங்க மேடம்? என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். அறைக்கு வந்து ஒரு தாளில் எழுதி, கதவுக்கடியில் தள்ளிவிட்டேன். 'காது விஷயத்தைக் கலியமூர்த்தியிடம் நீங்களே சொல்லுங்கள். நாளை காலைக்குள் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.'

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டாராம். இனி அவருக்கென்று ஓர் ஆள். வெடி நேரத்துக்கு வந்து தோளைத் தொட்டுக் கூட்டிப் போவான். செல்லக்கண்ணு மூலம் தெரிந்துகொண்டேன்.

பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது இருதயராஜ் வந்தார். கையில் என் குடை. நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"பத்து வருஷமா இப்படித்தான் மேடம். இடது காது சுத்தமா போச்சு, வலதுல ஏதோ கொஞ்சம். மெஷின் வெச்சுக்கிட்டா ஃபீல்டுக்கு அனுப்ப மாட்டாங்க. வகுப்புக்குள்ளயே உக்கார வெச்சிருவாங்க. எதிர்ல நின்னு பேசினா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். இங்க வந்தா எல்லாரும் மாஸ்க்கு." என் மாஸ்க்கைக் காட்டினார். "போன்ல எனக்கு எதுவுமே கேக்காது. சரி சரின்னு சொல்லி வெச்சிருவேன். அந்தக் கட்டுரைக்கு நீங்க போன் பண்ணினப்பவும் அப்படித்தான். நீங்க என்ன சொன்னீங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

எட்டு வருடம்! இதைக் கேட்டதும் மனம் இளகியிருக்கவேண்டும். இளகவில்லை. ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாமே? நேரில் வந்து, மேடம், என்ன சொன்னீங்க என்று ஒரு தடவை கேட்டிருக்கலாமே? கேட்காமலேயே என்னைச் சமையல்காரருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இப்போது வந்து குடை நீட்டுகிறார்.

"எம்மேல கோவம்னா திட்டுங்க" என்றார். "ஆனா பின்னாடி நின்னு திட்டாதீங்க. எதிர்ல நின்னு திட்டுங்க."

மாஸ்க்கைக் கழட்டினேன்.

எட்டு வருடச் சரக்கு. ஒன்றுவிடாமல் இறக்கினேன். நன்றிப் பக்கம், டிவி, மூன்று பல், உளவு, சரி சரி, எல்லாம். கண்ணைச் சிமிட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாக, "கட்டுரைல முதல் பேரு என்னோடது" என்றேன். சரி சரி என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"முடியாது" என்றார் இருதயராஜ். "தல உங்களோடது, ஒத்துக்குறேன். ஒடம்பு மொத்தமும் நான் எடுக்குறேன். உங்க பேரு ரெண்டாவது."

"ரெண்டாவதா? காதெலும்பு யாரு கண்டுபிடிச்சது?"

"அதுக்குக் காது கேக்காதுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க? தடியா இருந்தா கேக்காதுன்னு யாரு சொன்னா? எதக் கேட்டுச்சு, எதக் கண்ணால பாத்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும், உங்களுக்கு இல்ல."

"ஓய், அது பத்துக் கோடி வருஷத்துப் பிராணி, உம்ம மாமன் மகன் இல்ல!"

செல்லக்கண்ணு ஹார்ன் அடித்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்று விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். இருதயராஜுக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்காத மாதிரி நின்று, மீதியையும் திட்டி முடித்தேன்.